மணிபாரதியின் முகம்

பொங்கல் விடுமுறை முடிந்து கல்லூரி திறந்த அன்று மணிபாரதி வரவில்லை. அஃபீஃபா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மணிபாரதியின் ஊரான குரும்பகரத்தில் அறுவடை நேரம். வீட்டில் ஆள் போதாவிட்டால் அவள் இரண்டொரு நாள் தாமதமாக வருவது வழக்கம்தான். கம்ப்யூட்டர் லேபில் பக்கத்து நாற்காலியில் தன் பையைப் போட்டு இடம் பிடித்துவிட்டு, இருவருக்கும் பொதுவான ஃபைலைத் திறந்தாள்.

திரையில் மணிபாரதியின் முகம் வந்தது. சாம்பல் நிறத்தில், முடியில்லாமல், பொட்டில்லாமல், கண்களை மூடியபடி.

இருவரும் கோட்டுச்சேரிக்கு அப்பால் இருக்கும் ஒரு தனியார் கல்லூரியில் ப்ராடக்ட் டிசைன் கடைசி வருடம். முதல் வருடம் முதல் நாள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள், அப்படியே தொடர்ந்துவிட்டார்கள். அதுவரை கம்ப்யூட்டரில் அவர்கள் வரைந்ததெல்லாம் பெட்டி, உருளை, துளை, திருகு. கடைசி வருடத்தில்தான் வளைந்து நெளியும் பரப்புகளை உருவாக்கும் பாடம் வந்தது. அதை நடத்திய இளையபெருமாள் சார், புனேயில் கார் விளக்குகளை வடிவமைத்துக்கொண்டிருந்துவிட்டு ஊர் திரும்பியவர்.

"ஒடம்போட ஒட்டி உக்கார்ற பொருளா ஒண்ணு பண்ணிட்டு வாங்க. ரெண்டு ரெண்டு பேரா சேந்துக்கங்க," என்றார். "கையால தடவிப் பாத்தா எங்கயும் தட்டக் கூடாது. அந்த மாதிரி வழிஞ்சு போவணும் பரப்பு."

மணிபாரதிக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங். பனிக்காலம் வந்தால் தினமும் வீட்டில் நெபுலைசர் வைத்துக்கொள்வாள். கடையில் கிடைக்கிற மாஸ்க் அவள் முகத்தில் சரியாக உட்காராது. மூக்கோரம் இடைவெளி விட்டு மருந்துப் புகை கண்ணுக்குள் போகும்.

"மாஸ்க்கே பண்ணுவோம்டி. என் மூஞ்சிய எடுத்துக்க, வாடக கேக்க மாட்டேன்," என்று சிரித்தாள்.

மார்கழியில் ஒரு நாள் லேப் வராந்தாவில் அவளை உட்கார வைத்து, ஃபோனைப் பிடித்துக்கொண்டு அஃபீஃபா அவளைச் சுற்றிச் சுற்றி வந்து ஸ்கேன் எடுத்தாள். அசையக் கூடாது. ஆனால் ஃபோன் காதருகே வரும்போதெல்லாம் மணிபாரதிக்குச் சிரிப்பு வந்துவிடும். உதடு அசைந்து எல்லாம் கெட்டுப்போகும். "செத்த நேரம் பொணமாட்டம் இரேன்டி," என்று அஃபீஃபா திட்டிய பிறகுதான் ஒருவழியாகப் படிந்தது. கன்னமும் தாடையும் அஃபீஃபாவின் வேலை, மூக்குப் பகுதி மணிபாரதியின் வேலை என்று பிரித்துக்கொண்டார்கள். மணிபாரதி தன் பகுதியைத் தொடங்கி, பாதியில் விட்டுத்தான் விடுமுறைக்குப் போயிருந்தாள்.

கல்லூரி திறந்த அன்று மாலை கூப்பிட்டபோது அவளது ஃபோன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மறுநாளும் அப்படித்தான்.

அந்த வாரக் கடைசியில் மணிபாரதியின் அப்பா தங்கையனும் அம்மா செல்லம்மாவும் கல்லூரிக்கு வந்தார்கள். துறைத் தலைவர் அறைக்கு அஃபீஃபாவைக் கூப்பிட்டார்கள்.

"எங்கம்மா இருக்கா?" என்றார் தங்கையன், அவள் உள்ளே வந்ததும் வராததுமாக.

"யாரு... மணியா? வீட்டுல இல்லியா?"

மாட்டுப் பொங்கலன்று கடைக்குப் போவதாகச் சொல்லிப் போனவள் திரும்பவில்லை என்று அங்கேதான் அவளுக்குத் தெரிந்தது. மறுநாள் அப்பாவின் ஃபோனுக்கு ஒரு குரல் செய்தி வந்திருக்கிறது. போலகத்து எழிலனைக் கல்யாணம் பண்ணிக்கொண்டேன், நன்றாக இருக்கிறேன், தேட வேண்டாம். அவ்வளவுதான். பையன் வேறு சாதி. அவன் வீட்டுக்காரர்களும் இடம் தெரியாது என்கிறார்கள். போலீஸ் ஸ்டேஷனில், மேஜரான பெண் தானாகப் போயிருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

எழிலன். அந்தப் பெயரை அஃபீஃபா அதுவரை கேட்டதே இல்லை.

"எனக்குத் தெரியாதுங்கப்பா. சத்தியமா தெரியாது."

"நாலு வருசமா ஒரே டிபன் பாக்ஸுல தின்னுருக்கீங்க. ஒனக்குத் தெரியாதா?" தங்கையனின் குரல் உயர்ந்தது. "பெத்தவன் வயித்தெரிச்சல் சும்மா விடாது, சொல்லிடு!"

செல்லம்மா அவர் கையைப் பிடித்து இழுத்தாள். போகும்போது திரும்பி அஃபீஃபாவைப் பார்த்தாள். அவளும் நம்பவில்லை என்பது அந்தப் பார்வையில் தெரிந்தது.

யாருமே நம்பவில்லை. வகுப்பில் முத்தமிழ் என்ற பெண், "பெரிய அழுத்தக்காரிடி நீ. ஒரு வார்த்த வெளிய விடல பாரு," என்று பாராட்டுவதுபோல் சொன்னாள். அஃபீஃபா மறுத்தபோது, "சரி சரி, சொல்ல வேணாம்," என்று கண்ணடித்தாள். அதன்பிறகு அஃபீஃபா வந்தால் பேச்சு நிற்கும். மதியச் சாப்பாட்டுக்கு எந்தக் கூட்டத்தில் உட்காருவது என்று தெரியாமல், லேபிலேயே கதவோரமாக உட்கார்ந்து தனியாகச் சாப்பிடத் தொடங்கினாள்.

காரைக்கால் சின்ன ஊர். செய்தி வீட்டுக்கும் வந்து சேர்ந்தது. "அந்தப் புள்ளையோட சேந்து நீயும் ஊரு வாயில விழுவாத," என்றாள் உம்மா அஜீசுன்னிசா. "காலேஜ் விட்டா வீடு. அந்தப் பேரையே இங்க எடுக்காத." குவைத்தில் வேலை பார்க்கும் வாப்பா இக்பால் வீடியோ அழைப்பில், "படிப்ப முடிச்சிடு புள்ள. வேற எதுலயும் தலையிடாத," என்றார். ஒரு குற்றமும் செய்யாமல் குற்றவாளியானது போலிருந்தது. அதைவிடப் பெரிய வலி ஒன்று இருந்தது. அதை யாரிடமும் சொல்ல முடியவில்லை. அவளிடம்கூட மணிபாரதி சொல்லவில்லை. ஊரே நினைத்ததுபோல அவளுக்கு முன்பே தெரிந்திருந்தால், இந்தத் திட்டையெல்லாம் அவள் தாங்கியிருப்பாள்.

இளையபெருமாள் சார் அவளைக் கூப்பிட்டார். "அறிவுமதி டீம்ல சேந்துக்குறியா? இல்லன்னா நெட்ல ரெடிமேடா ஒரு முகம் கெடைக்கும். அத வச்சு வேற மாஸ்க் பண்ணு."

"இல்ல சார். இதையே முடிக்கிறேன்."

"ஏன்னு கேக்கல. ஆனா மூக்கோரந்தான் இருக்குறதுலயே கஷ்டம். பாத்துக்க."

மணிபாரதிமேல் கோபத்தில்தான் இருந்தாள் அஃபீஃபா. ஆனாலும் தினமும் காலையில் வந்து அந்த முகத்தைத்தான் திறந்தாள். ஸ்கேனில் வந்த முகம் ஆயிரக்கணக்கான குட்டி முக்கோணங்களால் ஆன வலை. அதன்மேல் மெல்லிய கோடுகளை வரைந்து, கோடுகளுக்கு இடையே பரப்பை விரிக்க வேண்டும். ஒரு பரப்பு இன்னொன்றைத் தொடும் இடத்தில் விளிம்புகள் சேர்ந்தால் மட்டும் போதாது, இரண்டின் வளைவும் ஒன்றாக இருக்க வேண்டும். இருக்கிறதா என்று பார்க்க ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் பரப்பு முழுக்க வரிக்குதிரை போலக் கறுப்பு வெள்ளைக் கோடுகள் ஓடும். இணைப்பு சரியாக இருந்தால் கோடு தடையில்லாமல் போகும். இல்லையென்றால் அந்த இடத்தில் முறிந்து நிற்கும்.

கன்னத்தில் கோடுகள் சீராக ஓடின. தாடையில் ஓடின. மூக்கோரத்துக்கு வந்ததும் முறிந்தன. ஒரு பக்கம் சரிசெய்தால் மறுபக்கம் துணி கசங்கியதுபோல் சுருங்கிக்கொண்டது. அழித்து அழித்துப் போட்டாள். மணிபாரதியின் மூக்கு லேசாக இடப்பக்கம் சாய்ந்தது என்பதும், ஒரு கன்னம் மற்றதைவிடச் சற்று மெலிந்தது என்பதும் அப்போதுதான் அவளுக்குத் தெரியவந்தன. இத்தனை வருடம் எதிரில் உட்கார்ந்து பார்த்தும் கவனிக்காத விஷயங்கள். இவள் எப்போது அந்தப் பையனைப் பார்த்தாள், என்ன பேசினாள், எங்கே நின்று ஃபோன் பேசினாள் என்று யோசித்தபடியே கோடுகளை இழுத்துக்கொண்டிருப்பாள். சில நாள் காலையிலிருந்து மாலைவரை ஒருவரிடமும் ஒரு வார்த்தை பேசாமலே வீடு திரும்பியிருக்கிறாள்.

மாசி பிறந்திருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை. பையன்கள் சிலர் ஜும்ஆ தொழுகைக்கும் மற்றவர்கள் சாப்பாட்டுக்கும் போயிருந்ததால் லேபில் அவள் மட்டும்தான். திரையின் மேல்மூலையில், அவள் பெயரின் முதலெழுத்து இருக்கும் வட்டத்துக்குப் பக்கத்தில், இன்னொரு வட்டம் வந்தது. பச்சை நிறத்தில் 'ம'.

அந்த ஃபைல் இணையத்தில் இருப்பது. அனுமதி உள்ளவர்கள் எங்கிருந்து வேண்டுமானாலும் திறக்கலாம். திறந்தால் மற்றவர் திரையில் வட்டம் தெரியும்.

அஃபீஃபா மவுஸைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். மூக்கோரத்தில் இருந்த சுருங்கிய பரப்பு காணாமல் போனது. ஒரு புதிய கோடு வந்தது. நகர்ந்தது, நின்றது, மறுபடியும் கொஞ்சம் நகர்ந்தது. எங்கோ ஓர் ஊரில் உட்கார்ந்துகொண்டு மணிபாரதி தன் மூக்கைத் தானே சரிசெய்துகொண்டிருந்தாள்.

ஓரத்தில் குறிப்பு எழுதும் இடத்தில் அஃபீஃபா அவசரமாகத் தட்டினாள். "எங்கடி இருக்க?"

கோடு அப்படியே நின்றது. பிறகு பச்சை வட்டம் மறைந்துவிட்டது.

முதலில் வந்தது நிம்மதி. உயிரோடு இருக்கிறாள். கை வேலை செய்கிறது. அடுத்த நிமிடமே ஆத்திரம் வந்தது. இரண்டு வார்த்தை எழுத மனமில்லாதவள் வேலையை மட்டும் செய்துவிட்டுப் போகிறாள். அஃபீஃபா கணினியை அணைக்காமலே எழுந்து வராந்தாவுக்குப் போய் நின்று அழுதாள்.

இதை யாரிடமாவது சொல்ல வேண்டுமா கூடாதா என்று இரண்டு நாள் குழம்பினாள். துறைத் தலைவர் அறையிலிருந்து திரும்பிப் பார்த்த செல்லம்மாவின் கண் நினைவிலிருந்து போகவில்லை. உம்மாவிடம் காலேஜ் வேலை என்று சொல்லிவிட்டு, லேப்டாப்பைப் பையில் வைத்துக்கொண்டு குரும்பகரம் பஸ் ஏறினாள்.

சாலையிலேயே வைக்கோல் காயப் போட்டிருந்தார்கள். தங்கையன் வயலுக்குப் போயிருந்தார். செல்லம்மா கொல்லையில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். அஃபீஃபாவைப் பார்த்ததும் கையைக்கூடக் கழுவாமல் எழுந்து வந்தாள்.

"அம்மா, மணி நல்லாருக்கா. வெள்ளிக்கிழம கம்ப்யூட்டர்ல வந்தா."

"வந்தாளா? எங்க வந்தா? பேசுனாளா?"

"பேசல. ரெண்டு பேரும் பண்ற வேலைய வந்து பாத்தா. கொஞ்சம் திருத்திட்டுப் போனா. எங்க இருக்கான்னு தெரியல."

செல்லம்மாவுக்கு அது விளங்கவில்லை. "அத எனக்குக் காட்டு பாப்பா," என்றாள்.

உள்ளே போய்க் கட்டிலில் லேப்டாப்பை வைத்துத் திறந்தாள் அஃபீஃபா. முகம் வந்ததும் செல்லம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

"ஐயோ, ஏன் இப்புடி இருக்கா? ஏன் கண்ண மூடிருக்கா?"

"இது அப்ப எடுத்ததும்மா, மார்கழில. கண்ண மூடிக்கிட்டாத்தான் எடுக்க முடியும். இப்ப உள்ளது இல்ல."

"தொறக்க வைக்க முடியாதா?"

"முடியாதும்மா."

செல்லம்மா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு, தொடுதிரையில் மகளின் கன்னத்தைத் தொட்டாள். முகம் மெல்லத் திரும்பியது. பயந்து கையை எடுத்தவள், மறுபடி தொட்டாள். அஃபீஃபா வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் கழித்துச் செல்லம்மா எழுந்து அலமாரியிலிருந்து ஒரு பையை எடுத்து வந்தாள். உள்ளே நெபுலைசர் இருந்தது. "இத வச்சிட்டுப் போயிட்டா. பனி இன்னும் வுடல. மூச்சு வாங்குச்சுன்னா என்ன பண்ணுவா? அவுங்க அப்பா எதிர்க்க வாயத் தொறக்க முடியல. நீ அதுல எழுதிப் போடு பாப்பா. மிசினு இங்க கெடக்குன்னு எழுது. வேற ஒண்ணும் எழுதாத."

அவள் சொன்னதோடு ஒரு வரி சேர்த்து அஃபீஃபா குறிப்பில் எழுதினாள். "நெபுலைசர வச்சிட்டுப் போயிட்டியாம். அம்மா கவலப்படுறாங்க."

மறுநாள் பதில் இருந்தது. "இங்க வாங்கிட்டேன். அம்மாட்ட சொல்லிடு. ஓசூர்ல இருக்கோம். அப்பாவுக்குத் தெரிய வேணாம்."

அப்படித்தான் அது தொடங்கியது. குறிப்பில் வருவதைச் செல்லம்மாவுக்கு ஃபோனில் சொல்வாள். செல்லம்மா சொல்வதைக் குறிப்பில் எழுதுவாள். எழிலனுக்குக் கம்பெனி வேலை, வீடு ஒரே அறைதான், ஆனால் தண்ணீர் கஷ்டம் இல்லை. அப்பாவுக்கு முட்டி வலி, எருமை கன்று போட்டிருக்கிறது. மணிபாரதி அப்பாவைக் கேட்டாள், கன்றைக் கேட்டாள், பக்கத்து வீட்டைக் கேட்டாள். மாஸ்க்கின் மூக்கோரத்தைப் பற்றிக்கூட இரண்டு தடவை எழுதினாள். அஃபீஃபா எப்படி இருக்கிறாள் என்று மட்டும் ஒரு வரி எழுதவில்லை. அஃபீஃபாவும் தன்னைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. ஒவ்வொரு நாளும் ஃபைலைத் திறக்கும்போது, இன்றைக்குக் கேட்பாள் என்று தோன்றும்.

பங்குனியில் ஒரு நாள் செல்லம்மா ஃபோன் செய்து, "நம்பர் மட்டும் வாங்கிக் குடு பாப்பா. நானே பேசிக்கிறேன்," என்றாள். வாங்கிக் கொடுத்தாள். அதன்பிறகு செல்லம்மா கூப்பிடவில்லை. குறிப்புகளும் நின்றுவிட்டன. அந்த எண் அஃபீஃபாவின் கையெழுத்தில் ஒரு துண்டுக் காகிதத்தில் கொஞ்ச நாள் கிடந்தது. தானாகக் கூப்பிட அவளுக்கு மனம் வரவில்லை. காகிதத்தைக் கிழித்துப் போட்டாள்.

மீதி வேலையைத் தனியாக முடித்தாள். மூக்கோரத்தை ஒரே பரப்பாக மூடாமல் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்துக்கொண்டால் வளைவு படியும் என்பதை எத்தனையோ தோல்விக்குப் பிறகு கண்டுபிடித்தாள். ஒரு பகல் பொழுதில் பொத்தானை அழுத்தியபோது, கறுப்பு வெள்ளைக் கோடுகள் கன்னத்தில் ஏறி, மூக்கைத் தாண்டி, மறு கன்னத்தில் எங்கும் முறியாமல் இறங்கின. "ஏய், இங்க பாரேன்," என்று பக்கத்தில் திரும்பிவிட்டாள். நாற்காலியில் அவள் பைதான் இருந்தது.

மாஸ்க்கை த்ரீ-டி பிரிண்டரில் மென்மையான ரப்பர் போன்ற பொருளில் அச்செடுத்தார்கள். இறுதி மதிப்பீட்டுக்கு முன் அட்டையில் பெயர் எழுதும்போது, "அவ பேரப் போட முடியாதும்மா. அட்டெண்டன்ஸ் இல்ல," என்றார் இளையபெருமாள் சார். தன் பெயரை மட்டும் எழுதினாள். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் மாஸ்க்கை விளக்கொளியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரலால் விளிம்பைத் தடவினார்.

"நல்ல வேலை. போட்டுக் காட்டுங்க."

அஃபீஃபா அதைத் தன் முகத்தில் வைத்தாள். மூக்கின் இரு பக்கமும் இடைவெளி விட்டது. வகுப்பில் யாரோ சிரித்தார்கள்.

"பொருந்தலியே?"

"இது என் முகத்துக்குப் பண்ணது இல்ல சார். ஃப்ரெண்டோட முகம்."

"அவங்கள வரச் சொல்லிருக்கலாமே."

"ஊர்ல இல்ல சார்," என்றாள். வகுப்பு அமைதியாகிவிட்டது. அந்தப் பாடத்தில் அவளுக்குத்தான் முதல் மதிப்பெண் கிடைத்தது. முத்தமிழ் வந்து கை கொடுத்தாள். "உனக்கு உண்மையிலேயே தெரியாதுல்ல?" என்று மெதுவாகக் கேட்டாள். அஃபீஃபா தலையசைத்துவிட்டு நகர்ந்தாள்.

தேர்வெல்லாம் முடிந்து வைகாசி வெயில் கொளுத்திக்கொண்டிருந்த ஒரு மாலை, தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"அஃபீ, நாந்தான்டி."

அஃபீஃபா எழுந்து மாடிப் படியில் போய் உட்கார்ந்தாள். மணிபாரதியே பேசினாள். அப்பா போன வாரம் ஃபோனில் பேசிவிட்டாராம். ரொம்பப் பேசவில்லை, சாப்பிட்டியா என்று மட்டும் கேட்டாராம். ஆடி கழிந்து ஊருக்கு வரலாம் என்று இருக்கிறார்களாம்.

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?" என்று நடுவில் கேட்டாள் அஃபீஃபா.

"சொல்லிருந்தா நீ பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து ஏத்தி வுட்டுருப்ப."

"ஆமா. வந்துருப்பேன்."

"அதான்டி. யாராச்சும் பாத்துருப்பாங்க. அப்புறம் உங்க வீட்டுல உன்னப் படிக்க வுட்டுருப்பாங்களா? அத நெனச்சுத்தான் வாயத் தொறக்கல. அதுக்கப்புறம் உங்கிட்ட பேசவே பயமா இருந்துச்சு. நீ என்ன நெனப்பியோன்னு."

அது உண்மையாகத்தான் இருக்கும் என்று அஃபீஃபாவுக்குத் தோன்றியது. உண்மை என்று தெரிந்தும் மனம் ஆறவில்லை. கதவோரம் உட்கார்ந்து சாப்பிட்டதை, பேசாமலே கழிந்த நாட்களை, பக்கத்து நாற்காலியைப் பார்த்துத் திரும்பியதை எல்லாம் சொல்ல வேண்டும் போலிருந்தது.

"நீ எப்படிடி இருக்க?" என்றாள் மணிபாரதி.

"நல்லாருக்கேன்."

அந்தப் பக்கம் குக்கர் சத்தம் கேட்டது. "அடுப்புல வச்சிருக்கேன், அப்புறமா கூப்புடுறேன்," என்று மணிபாரதி வைத்துவிட்டாள்.

கீழே இறங்கி வந்தபோது உம்மா கேட்டாள். "யாரு ஃபோன்ல?"

"மணிபாரதி உம்மா."

அஜீசுன்னிசா துணி மடித்துக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள். திட்டுவாள் என்று அஃபீஃபா காத்திருந்தாள்.

"நல்லாருக்காளா?"

"ம்."

உம்மா மறுபடியும் துணியை எடுத்தாள். அஃபீஃபா ஜன்னலருகே உட்கார்ந்து ஃபோனைப் பார்த்தாள். பழைய எண் 'மணி' என்ற பெயரில் இன்னும் அதில் இருந்தது. கூப்பிட்டால் உபயோகத்தில் இல்லை என்று சொல்லும். அதை அவள் அழிக்கவில்லை. இப்போது வந்த எண்ணை 'மணிபாரதி ஓசூர்' என்று தனியாகப் பதிந்துகொண்டாள்.